ஜன்னல் இல்லாத கேபினில் மூவர், நால்வர்: முதன்முறை கப்பலேறும் சுங்கை சிப்புட்காரர்களுக்கு

சுற்றுலாக் கப்பலில் மிக மலிவானது உட்புறக் கேபின். கப்பலின் நடுவயிற்றில் இருக்கும். நான்கு பக்கமும் சுவர்தான். அதையும் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து எடுத்தால் தலைக்கு விழும் கட்டணம் இன்னும் குறையும். கோயில் நண்பர்கள், பள்ளித் தோழிகள், அண்ணன் தம்பி குடும்பங்கள் என்று கூட்டாகக் கிளம்புகிறவர்கள் இதை எடுப்பது நல்ல முடிவுதான். கடலைப் பார்க்க மேல்தளம் முழுக்க இருக்கிறது. கேபின் தூங்கவும் குளிக்கவும் போதும்.

ஆனால் கேபினுக்குள் நுழைந்த பிறகு யார் எங்கே படுப்பது என்று பேச ஆரம்பித்தால், முதல் அரைமணி நேரத்திலேயே மனக்கசப்பு வந்துவிடும். படுக்கை, பிளக், குளிக்கும் நேரம், பணம் என்ற நான்கையும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். அதற்கு வேண்டிய விவரங்களைக் கீழே தருகிறோம்.

எவ்வளவு இடம், எத்தனை பேர்

பெரும்பாலான கப்பல்களில் உட்புறக் கேபின் 12 முதல் 17 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 130 முதல் 185 சதுர அடி. குளியலறையும் அதற்குள்ளேதான். பழைய தோட்டத்து லயத்து வீட்டின் முன்னறைக்குள் இரண்டு கட்டில், மேசை, அலமாரி, குளியலறை எல்லாவற்றையும் வைத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நடக்க மிஞ்சுவது ஓர் ஆள் போகும் பாதை. ஒருவர் பெட்டியைத் திறந்தால் மற்றவர் கட்டில்மேல் காலைத் தூக்கி உட்கார வேண்டியதுதான்.

கீழே இரண்டு ஒற்றைக் கட்டில்கள் இருக்கும். சேர்த்துப் போட்டால் ஒரே பெரிய கட்டிலாகும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ மடக்கி இறக்கும் மேல்படுக்கை. சில கேபின்களில் விரித்துப் போடும் சோபா. எல்லா உட்புறக் கேபினிலும் மேல்படுக்கை கிடையாது. ஆகவே "மூன்று பேர் படுக்கும் கேபின்", "நான்கு பேர் படுக்கும் கேபின்" என்று கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஆள் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருவருக்கான கேபினை எடுத்துவிட்டால், கடைசி நேரத்தில் மூன்றாவது ஆளுக்கு இடம் கிடைக்காது.

இருவருக்கு இது தாராளம். மூவர் சமாளிக்கலாம். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் என்றாலும் பரவாயில்லை. நான்கு பெரியவர்கள் என்றால் இரண்டு, மூன்று இரவுக்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நால்வரும் ஒரே கேபினில் போனால் எவ்வளவு, எதிரெதிராக இரண்டு கேபின் எடுத்தால் எவ்வளவு என்று முழுத்தொகையாக இரண்டு விலையையும் கேளுங்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கேபின் கட்டணம் குறையுமே தவிர, துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சில சமயம் வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கும். தனியாளாக ஒரு கேபின் எடுத்தால் மட்டும் இருவர் கட்டணம் வரை கேட்பார்கள்.

பதிவு செய்யும்போது

கப்பலின் எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று காட்டும் தளப்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேபின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு கேபின் தளம், கீழேயும் ஒரு கேபின் தளம் என்று நடுவில் மாட்டிய கேபின்தான் அமைதியானது. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். அரங்கத்துக்கு மேலே இருந்தால் நள்ளிரவு வரை தாளம் அதிரும். பக்கத்துக் கேபினுக்குப் போகும் உள்கதவு உள்ள கேபின் இரண்டு குடும்பமாகப் போகிறவர்களுக்கு நல்லது. முன்பின் தெரியாதவர் அடுத்த கேபினில் இருந்தால் அந்தக் கதவு வழியே அவர்கள் பேச்செல்லாம் உங்கள் காதில் விழும்.

அலை ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிவது கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும். கடல் மயக்கம் வருமோ என்று பயப்படுகிறவர் குழுவில் ஒருவர் இருந்தாலும் அந்த இடத்தைப் பாருங்கள். எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் என்ற மலிவு ரகமும் உண்டு. அதில் இப்படியெல்லாம் தேர்ந்தெடுக்க முடியாது.

நம்மவர் பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். கடப்பிதழில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று இருக்கும். பதிவுப் படிவமோ பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும், சாய்கோட்டை ஏற்காது. ஒரே குழுவில் ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, இன்னொருவர் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டு, மூன்றாமவர் ஏ/பி-யை விட்டுவிட்டு நிரப்பினால், பதிவு முகப்பில் ஒவ்வொருவராக நிறுத்தி வைப்பார்கள். எப்படி நிரப்புவது என்று முகவரிடமோ கப்பல் நிறுவனத்திடமோ கேட்டு, எல்லாருக்கும் ஒரே முறையில் நிரப்புங்கள். எழுத்துகள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும்.

கடப்பிதழ் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டுத் துறைமுகம் போகும் கப்பலில் ஏற முடியாது. தாய்தந்தை இல்லாமல் அத்தையோடோ மாமாவோடோ பிள்ளை வந்தால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும், ஏறக்குறைய 24 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணியையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல் என்றால், நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் மின்வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையப் பக்கம் போலியோ இடைத்தரகரோதான்.

துறைமுகம் போய்ச் சேர

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் என்றால் ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். கே.டி.எம். கொமுட்டர் ரயில் போய் நிற்கும் பெலபுஹான் கிள்ளான் நிலையத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்பதில்லை. கப்பல் முனையம் பாலத்துக்கு அந்தப் பக்கம், புலாவ் இண்டாவில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் இறங்கிப் பெட்டியோடு கப்பலைத் தேடினால் நேரம் வீணாகிவிடும். சுங்கை சிப்புட்டில் நிற்கும் இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்தோ கிள்ளானிலிருந்தோ கிரேப் வாடகைக் கார் பிடித்து முனையத்தின் முழுப்பெயரைக் கொடுங்கள். ஆறேழு பேர் என்றால் ஊரிலிருந்தே வேன் பேசுவது நல்லது, முக்கியமாகத் திரும்பும் நாளுக்கு. ஆயிரக்கணக்கானோர் ஒரே காலையில் இறங்கும்போது கிரேப் எளிதில் கிடைக்காது.

பினாங்கில் ஏறுகிறவர்களுக்கு வேலை சுலபம். பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு ஃபெரி, இறங்கினால் சுவெட்டன்ஹாம் படகுத்துறை நடக்கும் தூரத்தில். சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்துக்கு மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையம் பக்கம். ஈப்போ அமான்ஜெயாவிலிருந்து இரவு பஸ் ஏறி, அன்றைக்கே கப்பலும் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஜொகூர் பாலத்தில் நெரிசல் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். முந்தைய நாளே போய்த் தங்குங்கள்.

பெட்டி கட்டுதல்

ஆளுக்கொரு நடுத்தரப் பெட்டிக்கு மேல் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் போவதுதான் கேபினில் தங்கும். மற்றதெல்லாம் நடைபாதையில் நிற்கும். கெட்டி ஓட்டுப் பெட்டியைவிட அமுங்கும் துணிப்பெட்டி நல்லது. ஒரே அளவு பெட்டிகளாக இல்லாமல் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எடுத்தால், காலியானதும் ஒன்றுக்குள் ஒன்றை வைத்துவிடலாம்.

கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். ஆளுக்கு இரண்டு கொக்கி எடுத்துக்கொள்ளுங்கள்; தொப்பி, துணிப்பை, கேபின் அட்டை மாட்டும் கயிறு எல்லாம் சுவருக்குப் போய்விடும். சிறிய கேபினில் தரையையும் மேசையையும் காலியாக வைத்திருக்க இதைவிட எளிய வழி இல்லை. பசை ஒட்டும் கொக்கி வேண்டாம். பிய்க்கும்போது சாயம் உரிந்தால் பணம் கட்டச் சொல்வார்கள்.

கொண்டுபோகக்கூடாதவற்றை முன்பே வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஊதுபத்தி, கற்பூரம், சாம்பிராணி, அகல்விளக்கு எதற்கும் அனுமதி இல்லை. கப்பலில் தீதான் மிகப் பெரிய ஆபத்து. கேபினில் புகை கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. ஓர் ஊதுபத்தியே அலாரத்தைக் கிளப்பப் போதும். திருநீறும் சிறிய சாமி படமும் கொண்டுபோகலாம். பேட்டரி விளக்கு ஒன்று இருந்தால் காலையில் சாமி கும்பிட வசதி. அது இரவிலும் உதவும். துணி தேய்க்கும் இரும்பு, சுடுநீர்க் கெத்தல், ரைஸ் குக்கர் எதையும் பெட்டி சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டில் செய்த சம்பல், பொரித்த நெத்திலி, புளிசாதப் பொட்டலம் போன்றவற்றைப் பல நிறுவனங்கள் ஏற்காது. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத முறுக்கு, பிஸ்கட் போன்றவை பெரும்பாலும் பரவாயில்லை. வேப் எனப்படும் மின்சிகரெட் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் தடை செய்யப்பட்டது. குழுவில் ஒருவர் ஒளித்துக் கொண்டுவந்தாலும் கேபினில் உள்ள அத்தனை பேருக்கும் தலைவலி.

முனையத்தில் கொடுக்கும் பெரிய பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஆகவே மருந்து, கடப்பிதழ், சார்ஜர், ஒரு மாற்றுடை, கைலி, பிள்ளைகளுக்கு நீச்சலுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினை எந்தக் காரணத்துக்காகவும் பெட்டியில் போடாதீர்கள். கேபினில் உள்ள சிறு குளிர்ப்பெட்டி பல கப்பல்களில் பானத்தை லேசாகக் குளிர வைக்கும் அளவுக்குத்தான் வேலை செய்யும். அதை நம்பாமல், மருந்துக்கான குளிர்ப்பெட்டி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். மூச்சுக்கருவி போட்டுத் தூங்குகிறவரும் அப்படியே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நீளமான வயரும் காய்ச்சி வடித்த நீரும் கப்பலிலேயே ஏற்பாடு செய்து தருவார்கள்.

பிளக்

சண்டை வருவதற்கு முதல் காரணம் இதுதான். நான்கு பேர், நான்கு கைப்பேசி, மேசையருகே இரண்டோ மூன்றோ பிளக். அதிலும் பல கப்பல்களில் இருப்பது அமெரிக்கத் தட்டை இருமுனையும் ஐரோப்பிய உருண்டை இருமுனையும். நம் வீட்டு மும்முனைப் பிளக் நேரடியாக நுழையாது.

தேவையானவை இரண்டு: நம் மும்முனையை இருமுனையாக மாற்றும் அடாப்டர் ஒன்று; நான்கு யு.எஸ்.பி. துளை உள்ள சார்ஜர் ஒன்று. சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்கப் பிளக்கில் வருவது 110 வோல்ட். 240 வோல்ட்டுக்கு மட்டுமே செய்த சாதனம் அதில் ஒழுங்காக ஓடாது.

மின்னழுத்தத் தடுப்பு (சர்ஜ் புரொடெக்டர்) உள்ள பவர் ஸ்ட்ரிப்பைக் கொண்டுபோகாதீர்கள். சில நிறுவனங்கள் சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரையும், பல துளை அடாப்டரையும்கூடத் தடை செய்திருக்கின்றன. பயண விதிகளில் தேடிப் பாருங்கள். காரணம் இல்லாமல் தடுக்கவில்லை. வீட்டில் ஒரு கம்பியில் மட்டும்தான் மின்சாரம். மற்றது நிலத்தோடு இணைந்திருக்கும். கப்பலில் பெரும்பாலும் இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்காகச் செய்த தடுப்புக் கருவி அதில் சரியாகத் துண்டிக்காமல் சூடேறித் தீப்பற்றலாம்.

பல கேபின்களில் வாசல் பக்கத்துத் துளையில் அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும். அட்டையை எடுத்தவுடன் பிளக்கும் நின்றுபோகும் கப்பல்கள் உண்டு. எல்லாரும் மேலே போய்விட்டு வந்து, கைப்பேசி ஏறவே இல்லையே என்று தவிப்பது இதனால்தான். இரவில் இருவர், காலையில் இருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம்.

கேபினுக்குள் முதல் ஒரு மணி நேரம்

முதலில் கேபின் ஸ்டீவர்ட், அதாவது உங்கள் கேபினைக் கவனிக்கும் பணியாளர், யார் என்று பாருங்கள். கட்டிலைப் பிரிக்கவோ சேர்க்கவோ வேண்டுமென்றால் உடனே சொல்லுங்கள். மாலை நெருங்கினால் அவருக்கு வேலை குவிந்துவிடும். மேல்படுக்கையைப் பகலில் மடக்கி, இரவில் இறக்கும்படியும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பகலில் அது தொங்கிக்கொண்டிருந்தால் கீழே உட்காருகிறவர் தலை இடிபடும். கொக்கியை விடுவிக்கத் தெரியாமல் நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள்.

யார் எங்கே? மூட்டுவலி உள்ளவருக்கும், இரவில் இரண்டு மூன்று முறை எழுகிறவருக்கும் குளியலறைப் பக்கத்துக் கீழ்க்கட்டில். இதில் வயதும் உறவும் பேசி மாற்ற வேண்டாம். "பரவாயில்லம்மா, நான் மேல ஏறிக்கிறேன்" என்று அறுபது வயதுப் பெரியம்மா விட்டுக்கொடுக்க வருவார், விடாதீர்கள். பல நிறுவனங்கள் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையையும் மேலே படுக்க வைக்க அனுமதிப்பதில்லை. மேலே ஏறுகிறவர் எடை குறைந்தவராக, இரவில் அதிகம் எழாதவராக இருக்கட்டும்.

மேல்படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது, கூரை இடிக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இறங்கப் படுத்த நிலையிலேயே குப்புறப் புரண்டு, காலை முதலில் ஏணிப்படிக்குக் கொண்டுவர வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வெளியே பார்த்தபடி இறங்கினால் வழுக்கும். ஏணியின் அடிப்பாகம் சரியாகக் குளியலறைக்குப் போகும் வழியில்தான் வந்து நிற்கும். கீழே படுத்தவர் இருட்டில் அதில் முழங்காலை இடித்துக்கொள்வார். ஏணியின் காலில் சிறிய ஒளிர்பட்டை ஒட்டிவிட்டால் போதும். மேலே மூக்குக்கண்ணாடி, கைப்பேசி வைக்க இடமில்லை என்பதால், காந்தக் கொக்கியில் ஒரு சிறிய துணிப்பையைத் தலைமாட்டில் தொங்கவிடுங்கள்.

அலமாரியை அடுக்காகப் பிரித்து, ஆளுக்கொரு அடுக்கு என்று முடித்துவிடுங்கள். பெட்டகத்துக்கு ஒரே எண். அது எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த எண், அவர் காட்சி அரங்கில் இருக்கும்போதுதான் தேவைப்படும்.

துணி, ஹேங்கர் எதையும் கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் தீயணைப்பு நீர்க்குமிழில் மாட்டாதீர்கள். பார்க்கக் கொக்கி போலத்தான் இருக்கும். உள்ளே உள்ள சிறு கண்ணாடிக் குழல் உடைந்தால் தண்ணீர் கொட்டி, உங்கள் கேபின் மட்டுமல்லாமல் பக்கத்துக் கேபினும் நனையும்.

அடுத்தது அவசரகாலப் பயிற்சி. யாரும் தப்பிக்க வழியில்லை, தப்பிக்கவும் கூடாது. 2012-இல் இத்தாலியக் கடலோரத்தில் கோஸ்டா கொன்கோர்டியா மூழ்கியபோது, அன்றைக்குத்தான் ஏறிய பல பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு அனைத்துலக விதி மாற்றப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்றாகிவிட்டது. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: இதுதான் எச்சரிக்கை. உட்புறக் கேபினில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கேபின் கதவிலிருந்து மாடிப்படி வரை எத்தனை கதவு என்று இரண்டு பக்கமும் எண்ணி வையுங்கள். மின்சாரம் போனால் கேபினில் கும்மிருட்டு. உயிர்காப்பு அங்கி கேபினிலேயே இருந்தால் ஆளுக்கு ஒன்று வீதம் எண்ணிக்கை சரியா, பிள்ளைக்குச் சிறிய அளவு இருக்கிறதா என்று பாருங்கள். கூடுமிடத்தில் வைத்துத் தரும் கப்பல்களும் உண்டு.

குளியலறை

வாசலில் சற்று உயரமான நிலைப்படி இருக்கும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். முதல் நாள் எல்லாரும் ஒரு முறையாவது அதில் காலை இடித்துக்கொள்வார்கள்; வயதானவர்களிடம் கையால் தொட்டே காட்டிவிடுங்கள்.

கழிப்பறை வெற்றிட உறிஞ்சலில் வேலை செய்கிறது. மூடியை மூடிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். திடீரென்று பெரிய சத்தம் வரும், பிள்ளைகள் பயப்படும். கழிப்பறைத் தாளைத் தவிர வேறெதையும் போடக்கூடாது. ஈரத் துடைப்புத்தாள், சானிட்டரி பேட், சாப்பாட்டு மிச்சம் எது போனாலும் குழாய் அடைக்கும். ஒரே குழாயில் பல கேபின்கள் இணைந்திருப்பதால் உங்கள் கேபினில் போட்ட ஒரு தாளுக்கு வரிசையே அவதிப்படும்.

பெரும்பாலான கப்பல்களில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் கிடையாது. நம்மவர்களுக்கு இது பெரிய குறை. மூக்கு நீண்ட பிளாஸ்டிக் போத்தலோ, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் சிறிய கோப்பையோ ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

குளிக்கும் இடம் ஏறக்குறைய முக்கால் மீட்டர் அகலம். திரை உடம்போடு ஒட்டும். அதன் கீழ்விளிம்பு தடுப்புக்கு உள்பக்கம் விழும்படி விட்டால்தான் தண்ணீர் வெளியே பரவாது. முழங்கை இடிக்கும் இடத்தில் கோப்பையால் மொண்டு ஊற்றிக் குளிக்க நினைக்காதீர்கள், ஷவர்தான். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு நாற்பது நிமிடம். எல்லாரும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே குளிக்க நினைத்தால் நடக்காது. இருவர் காலையில், இருவர் மாலையில் என்று பிரியுங்கள். "அக்கா, நீங்க முதல்ல குளிச்சிடுங்க, நாங்க மேல போய்ப் பசியாறிட்டு வர்றோம்" என்று கேபினைக் காலி செய்துகொடுப்பதுதான் இருப்பதிலேயே நல்ல முறை. தலை துவட்டுவது, பவுடர் போடுவது, சேலை கட்டுவது எல்லாம் குளியலறைக்கு வெளியே நடக்கட்டும்; சேலை கட்டக் கேபினில் வேறு யாரும் நிற்காத பத்து நிமிடம் வேண்டும்.

குளியலறையில் காற்றை உறிஞ்சும் துளை எந்நேரமும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே ஈரத் துணியை அங்கேதான் காயப்போட வேண்டும். பல கப்பல்களில் ஷவர் பக்கத்தில் இழுத்து மாட்டும் கொடி இருக்கும். பருத்தி வேட்டியும் தடித்த துவாலையும் ஒரே இரவில் காயாது. மெல்லிய கைலி காய்ந்துவிடும். ஈரத்தைக் கேபினுக்குள் நாற்காலியில் போட்டால் மறுநாளே பூஞ்சை வாடை வரும். திறந்துவிட ஜன்னல் இல்லையே.

இரவும் வாடையும்

விளக்கை அணைத்தால் கண் எதிரே உள்ள கை தெரியாது. விடிந்ததும் தெரியாது. குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைக்கலாம். பேட்டரி விளக்கு அதைவிட மேல். தொலைக்காட்சியில் கப்பலின் முன்பகுதிக் கேமராவைக் காட்டும் அலைவரிசை இருந்தால் ஒலியை அடக்கிவிட்டு அதை ஓடவிடுங்கள். விடிந்துவிட்டதா என்று அது சொல்லிவிடும். குறட்டை விடுகிறவர் கேபினில் இருந்தால் மற்றவர்கள் காதடைப்பான் கொண்டுவரட்டும். இதைக் கிளம்புவதற்கு முன்பே சிரித்துப் பேசி முடித்துவிடுங்கள். நடு இரவில் பேசினால் மனம் புண்படும்.

அலாரம் அதிர்வில் மட்டும் இருக்கட்டும். கதவு கனமானது, தானாகச் சாத்திக்கொள்ளும். கையால் பிடித்து மெதுவாக விடாவிட்டால் நடைபாதை முழுக்க அதிரும், பிள்ளைகளின் விரலும் மாட்டும்.

கோடாலித் தைலம், பச்சைத் தைலம் போன்றவற்றை நம்மவர்கள் தலை சுற்றினால் உடனே தடவிக்கொள்வார்கள். மூடிய கேபினில் அந்த வாடை மற்ற மூவருக்குக் குமட்டலைக் கொண்டுவரும். மேல்தளத்துக்குப் போய்த் தடவிக்கொள்ளுங்கள். தலை சுற்றுகிறவர் கேபினில் படுத்துக் கிடப்பதும் தவறு. கண் சுவரைப் பார்க்கிறது, காது உடம்பு ஆடுவதை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் மயக்கமே. வெளியே வந்து அடிவானத்தைப் பார்த்தால் குறையும். மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போடுவதைவிட அரைமணி, ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். கண் அழுத்த நோயோ புரோஸ்டேட் தொல்லையோ உள்ளவர்கள் மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை பூக்கெட் பக்கத்துக் கடலும், நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலும் ஆடும்.

ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மறைக்காமல் கப்பல் மருத்துவருக்குச் சொல்லுங்கள். வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸ் கிருமி ஒரே குளியலறையில் மற்றவருக்குப் பரவ அதிக நேரம் எடுக்காது. அதற்குச் சானிடைசர் போதாது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பணமும் கைப்பேசியும்

கேபினில் உள்ள நால்வரின் செலவும் ஒரே கணக்கில் விழும்படி பல கப்பல்கள் அமைத்துவிடும். முதல் நாளே கப்பலின் வரவேற்பு முகப்புக்குப் போய், அவரவர் கார்டை அவரவர் பெயரில் பதியச் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தானாகச் சேரும். கணக்கு மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்டில்) இல்லாமல் சிங்கப்பூர் டாலரிலோ அமெரிக்க டாலரிலோ இருக்கலாம். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். குளிர்ப்பெட்டியில் உள்ள பானத்தை எடுத்தால் காசு. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே காலி செய்து வைக்கும்படி ஸ்டீவர்டிடம் கேளுங்கள்.

கப்பல் கிளம்பும் முன் எல்லாரும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் கட்டமைப்பில் கைப்பேசி தானாக இணைந்துகொண்டால் சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு பில் வரும். பேச முடியாது என்பதால் "பகல் ஒரு மணிக்கு இந்த உணவகத்து வாசலில்" என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தாய்லாந்து நம் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். பூக்கெட்டில் இறங்கியதும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறும். கப்பல் மலேசிய நேரத்திலேயே இருக்கலாம். கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு கப்பல் நேரப்படி நான்கு மணிக்கு என்றால், கைப்பேசியில் நான்கு ஆகும்போது கப்பலில் மணி ஐந்து. தானாக நேரம் மாறும் அமைப்பை நிறுத்துங்கள். கேபினில் ஒருவராவது கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசி இரவு

பெரிய பெட்டியில் அடையாளச் சீட்டைக் கட்டி, இரவு பத்து, பதினொரு மணிக்குள் வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பெட்டி கட்டக் கேபினில் இடம் கிடையாது. சாப்பாட்டுக்கு முன் இருவர், பிறகு இருவர். மறுநாள் போடும் உடை, செருப்பு, மருந்து, கடப்பிதழ் ஆகியவற்றை முதலில் கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பெட்டியில் போட வேண்டும். இரவு உடையோடு மட்டும் மிஞ்சிவிட்டுக் காலையில் தவிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

அன்றிரவே கணக்கைப் பாருங்கள். தவறு இருந்தால் அப்போதே சொல்லுங்கள்; காலையில் போனால் முகப்பில் நீண்ட வரிசை நிற்கும். காலையில் கேபினை விடும்போது பெட்டகம், மேசைக்குப் பின்னால் உள்ள பிளக், குளியலறைக் கொடி, மேல்படுக்கையின் சுவரோர இடுக்கு ஆகிய நான்கையும் ஒருவர் மட்டும் நின்று கையால் தடவிப் பார்க்கட்டும். இரும்புச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தக் கொக்கிகளையும் அவரே கழற்றிவிடலாம்.